எண்ணும் சம்மதமும்: கருத்தடை குறித்து நாம் பேசிய வரலாறு

இருபது ஆண்டுகளுக்கு முன், திருவண்ணாமலையில் பெண்களுக்காக நடந்த ஒரு மார்க்க வகுப்பில், திரைக்கு அப்பாலிருந்து மடித்த காகிதத் துண்டு ஒன்று என்னிடம் வந்தது. பெயர் இல்லை. பள்ளிப் பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த தாள். தம் மூன்று பிள்ளைகளும் அறுவை சிகிச்சையில் பிறந்தவர்கள் என்றும், இன்னொரு முறை கருத்தரித்தால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருப்பதாகவும், மார்க்கத்தில் தமக்கு என்ன வழி என்றும் அதில் எழுதியிருந்தது. நான் ஒரே வரியில் விடை சொன்னேன்: "குடும்பக் கட்டுப்பாடு மார்க்கத்தில் கூடாது, அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள்." தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அதே வாரத்தில்தான் அரபிக் கல்லூரி மாணவர்களுக்கு நிகாஹ் பாடத்தில் 'அஸ்ல்' பற்றிய பகுதியை நடத்தியிருந்தேன். கருத்தரிப்பைத் தவிர்க்கும் நோக்கில் கணவன் விலகிக்கொள்வதை அச்சொல் குறிக்கும். நான்கு மத்ஹபுகளின் கருத்துகளையும் அவற்றின் ஆதாரங்களையும் ஒரு மணி நேரம் விளக்கினேன். வகுப்பறையில் ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவனுக்குத் திரைக்கு அப்பாலிருந்த பெண்ணிடம் ஒரு வரிதான் சொல்லத் தோன்றியது ஏன்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கருத்தடை கூடுமா, கூடாதா என்ற ஃபத்வாவை எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இப்பொருள் குறித்து நம் முன்னோர் எவ்வாறு பேசினர், நம் மண்ணில் அப்பேச்சு எவ்வாறு திசை மாறியது என்பதைச் சொல்வதே நோக்கம்.

மதீனாவின் கேள்விகள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் இக்கேள்வி ஒளிவுமறைவின்றிக் கேட்கப்பட்டது. குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நபித்தோழர்கள் அஸ்ல் செய்துவந்தனர் என்னும் கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. செயல் தவறாக இருந்திருப்பின் வஹீ அதைத் தடுத்திருக்கும் என்பது அதிலிருந்து இமாம்கள் பெற்ற முடிவு. மறுபுறம், ஜுதாமா பின்த் வஹ்பு (ரலி) என்னும் பெண்மணியின் வாயிலாக முஸ்லிமில் வரும் அறிவிப்பு, அஸ்லை மறைமுகமான சிசுப் புதைப்புக்கு ஒப்பிட்டுக் கூறுகிறது. இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) இதையே பிடித்துக்கொண்டு அஸ்ல் ஹராம் என்றார். பெரும்பான்மையோர் இரு அறிவிப்புகளையும் இணைத்து, அது விரும்பத்தக்கதன்று, ஆயினும் தடுக்கப்பட்டதன்று என்றனர்.

ஜுதாமா (ரலி) அவர்களின் அந்த அறிவிப்பில் நாம் பெரும்பாலும் கவனிக்காத முற்பகுதி ஒன்று உண்டு. பாலூட்டும் காலத்தில் தாம்பத்திய உறவு குழந்தைக்குத் தீங்கு தரும் என்று அரபுகள் நம்பினர். அதைத் தடுத்துவிடலாமா என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். ஆனால் ரோமரும் பாரசீகரும் அவ்வாறே வாழ்கின்றனர், அவர்களின் குழந்தைகளுக்குத் தீங்கில்லை என்பதைக் கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்கள். குடும்ப வாழ்வு குறித்த ஒரு தீர்ப்பில், பிற சமுதாயத்தாரின் உடலில் கண்ட அனுபவ உண்மை சான்றாக ஏற்கப்பட்டிருக்கிறது. மருத்துவ அறிவு மார்க்கத் தீர்ப்புக்கு வெளியே நிற்கும் அந்நியன் என்ற நம் எண்ணத்திற்கு இதில் மறுப்பு இருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் அவையில் இதே விவாதம் எழுந்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அஸ்ல் என்பது சிறிய அளவிலான சிசுப் புதைப்பே என்று சிலர் சொல்ல, அலீ (ரலி) அவர்கள் அல்முஃமினூன் அத்தியாயத்தில் கூறப்படும் மனிதப் படைப்பின் படிநிலைகளை எடுத்துக்காட்டினார்கள். அப்படிநிலைகள் அனைத்தையும் கடந்த உயிரைப் பற்றியே சிசுப் புதைப்பு என்று பேச முடியும் என்பது அவர்களின் வாதம். உமர் (ரலி) அதை ஏற்று அவர்களுக்காக துஆ செய்தார்கள். ஆட்சித் தலைவரின் அவையில் நடந்த பேச்சு இது. எவரும் முகஞ்சுளிக்கவில்லை.

பெண்களும் ஒதுங்கி நிற்கவில்லை. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு நாணம் தடையாகாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. திரைக்கு அப்பாலிருந்து தாளை அனுப்பிய பெண்ணும் அந்த அன்சாரிப் பெண்களின் வழியிலேயே நின்றார்.

கடலும் ஆறும்

பின்வந்த இமாம்கள் விவாதத்தை எங்கே கொண்டு சென்றனர்? அவர்களின் முதன்மையான கேள்வி, யாருடைய சம்மதத்தோடு என்பதாக இருந்தது. ஹனஃபீ, மாலிகீ, ஹம்பலீ மத்ஹபுகளில் மனைவியின் அனுமதி அடிப்படை நிபந்தனை. தாம்பத்திய இன்பமும் பிள்ளைப் பேறும் அவளுக்குரிய உரிமைகள், கணவன் தன் விருப்பப்படி அவற்றைப் பறிக்க முடியாது என்பதே காரணம். ஷாஃபிஈ மத்ஹபில் அவள் அனுமதியின்றியும் கூடும் என்னும் கருத்து வலுவாக உள்ளது என்பதையும், காலம் கெட்டுவிட்டது என்ற காரணம் காட்டிப் பிற்கால ஹனஃபீகளில் சிலர் நிபந்தனையைத் தளர்த்தினர் என்பதையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். எனினும், சம்மதம் என்னும் அச்சைச் சுற்றியே முழு விவாதமும் சுழன்றது.

அடுத்த கேள்வி, எந்த நோக்கத்தோடு என்பது. ஹிஜ்ரீ 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் திருமண ஒழுக்கப் பகுதியில் அஸ்லுக்கான நோக்கங்களை ஒவ்வொன்றாக எடைபோடுகிறார். மனைவியின் அழகும் உடல்நலமும் உயிரும் காக்கப்படுவது, பிள்ளைகள் பெருகுவதால் வரும் சிரமத்தைத் தவிர்ப்பது ஆகியவற்றை அவர் குற்றமாகக் கருதவில்லை. பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தால் செய்வதைக் கெட்ட நோக்கம் என்று கண்டிக்கிறார். செயல் ஒன்றே, நோக்கமே அதைப் பிரிக்கிறது. கருவுற்ற பின் கலைப்பதை இதனோடு சேர்க்கக் கூடாது, அது உருவாகத் தொடங்கிவிட்ட ஒன்றின் மீதான குற்றம் என்றும் அவர் வரையறுக்கிறார்.

2018ஆம் ஆண்டின் இறுதியில், கருவிலிருக்கும் குழந்தையின் பாலினம் அறிந்து சட்டவிரோதமாகக் கருக்கலைப்புச் செய்ததாகத் திருவண்ணாமலையில் சிலர் கைதான செய்தி நாளிதழ்களில் வந்தது. பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் அச்சம் மாறவில்லை. அச்செய்தியைப் படித்தபோது எனக்கு இஹ்யாவின் அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் கஸ்ஸாலீ (ரஹ்) பிரித்துக் காட்டிய இரண்டையும், அதாவது தாயின் உயிரைக் காக்கும் கருத்தடையையும் மகளை வேண்டாமென்று அழிக்கும் கருக்கலைப்பையும், நாம் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டோம்.

மூன்றாவதாக, பெண் தானே முடிவெடுக்கலாமா என்ற கேள்வி. இங்கே இரு சகோதரர்களைச் சந்திக்கிறோம். எகிப்தைச் சேர்ந்த ஸைனுத்தீன் இப்னு நுஜைம் (ரஹ்), 'கன்ஸுத் தகாயிக்' என்னும் ஹனஃபீச் சட்ட நூலுக்கு 'அல்பஹ்ருர் ராயிக்' என்ற விரிவுரை எழுதினார். 'தெளிந்த கடல்' என்பது அதன் பொருள். அவருடைய இளைய சகோதரர் உமர் இப்னு நுஜைம் (ரஹ்) அதே நூலுக்கு 'அந்நஹ்ருல் ஃபாயிக்' எழுதினார். நஹ்ர் என்றால் ஆறு. கருப்பையின் வாயை அடைத்துக் கருத்தரிப்பைத் தடுத்துக்கொள்ளக் கணவனின் அனுமதி வேண்டும், இல்லையேல் ஹராமாக இருக்க வேண்டும் என்றது கடல். அனுமதியின்றியும் பெண் அவ்வாறு செய்துகொள்ளலாம் என்றது ஆறு. 1836இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) தம் 'ரத்துல் முஹ்தார்' நூலில் இவ்விரு கருத்துகளையும் அருகருகே பதிவு செய்கிறார். அம்முறையைக் குறிப்பிடும்போது, பெண்கள் வழக்கமாகச் செய்துவரும் ஒன்றாகவே அங்கு அது சொல்லப்படுகிறது.

அந்தச் சிறு குறிப்பு எவ்வளவு பெரிய வாசலைத் திறக்கிறது! பெண்களுக்கிடையே ஓர் அறிவு புழங்கிவந்தது. ஃபகீஹ்கள் அதை அறிந்திருந்தனர், அதைச் சட்டத்தின் பொருளாக ஏற்று விவாதித்தனர். 1037இல் மறைந்த இப்னு ஸீனாவின் மருத்துவ நூலான 'அல்கானூன்', பேற்றில் உயிரிழக்கும் அபாயமுள்ள பெண்ணுக்குக் கருத்தரிப்பைத் தடுக்கும் வழிகளை மருத்துவன் அறிந்திருக்க வேண்டும் என்று கருதி, அதற்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியது. என்னிடம் வந்த தாளில் இருந்த கேள்வியும் ஏறத்தாழ அதுவே.

நிரந்தரமாகக் கருத்தரிக்கும் ஆற்றலையே அறுப்பது வேறு, ஒரு காலத்திற்குத் தள்ளிவைப்பது வேறு என்ற வேறுபாட்டையும் நம் நூல்கள் தெளிவாக வைத்தன. முன்னது ஹராம், பின்னது அவ்வாறன்று என்று ஷாஃபிஈ ஃபகீஹ்கள் எழுதினர். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் மண்ணுக்கு வருவோம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

திருவண்ணாமலைக்குக் கிழக்கே, செஞ்சியைக் கடந்தால் திண்டிவனம். 1890களில் ஓர் இரவு, அங்கிருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் ஒருவரின் மகளைத் தேடி மூன்று பேர் அடுத்தடுத்து வந்தனர். மூவரின் மனைவியரும் பேற்று வலியில் தவித்துக்கொண்டிருந்தனர். வந்தவர்களில் ஒருவர் முஸ்லிம். அப்பெண் மருத்துவம் படித்தவர் அல்லர். தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு கூறினார். ஆண் மருத்துவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு மூவருமே உடன்படவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடா ஸ்கடரை மருத்துவராக்கியது. அவர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனையே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1918இல் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

மார்க்கம் உயிரைக் காப்பதற்காக அந்நிய மருத்துவர் பார்ப்பதை அனுமதிக்கிறது. இது எந்த மதரஸா மாணவனுக்கும் தெரிந்த சட்டம். ஆனால் அந்த முஸ்லிம் கணவருக்கு அது எட்டவில்லை. நம் பகுதிப் பெண்களின் வரலாற்றில் கிதாபுக்கும் வீட்டுக்கும் இடையே விழுந்த இடைவெளிக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சென்னையிலிருந்து எழுந்த குரல்கள்

மேற்கில் மக்கள்தொகை பற்றிய பேச்சு 1798இல் மால்தூஸ் எழுதிய நூலோடு வேகம் பெற்றது. 1877இல் கருத்தடை பற்றிய ஒரு சிறுநூலை வெளியிட்டதற்காக லண்டனில் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அதன் தொடர்ச்சியாகப் பெசன்ட் அம்மையார் தம் மகளை வளர்க்கும் உரிமையையே இழந்தார். பின்னர் பிரம்மஞான சபையில் சேர்ந்து, 1891இல் தம் கருத்தடைப் பிரசாரத்தைக் கைவிட்டு, சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். அவர் கைவிட்ட கருத்து அவருக்கு முன்பே சென்னைக்கு வந்திருந்தது. 1882 முதல் 1888 வரை வெளிவந்த 'தத்துவ விவேசினி' என்னும் சுயசிந்தனையாளர்களின் தமிழ் இதழ் மால்தூஸியக் கருத்துகளையும் பேசியது.

1928இல் சென்னையில் நியோ மால்தூஸியன் சங்கம் அமைந்தது. உயர்நீதிமன்ற நீதிபதியான வேப்பா ராமேசம் அதன் முக்கியத் தலைவர்களுள் ஒருவர். மேட்டுக்குடி ஆண்கள் கூடி, நாட்டின் வறுமைக்கும் மக்கள் பெருக்கத்திற்கும் உள்ள தொடர்பை ஆங்கிலத்தில் விவாதித்தனர். 1930இல் மைசூர் சமஸ்தானம் அரசு சார்பில் கருத்தடை மருத்துவ மையங்களைத் திறந்தது.

அதே 1930இல் ஈரோட்டிலிருந்து வெளிவந்த 'குடி அரசு' இதழில் பெரியார் ஈ.வெ.ரா. கர்ப்பத்தடை பற்றி எழுதினார். அது பின்னர் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இடம்பெற்றது. மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்தையும் நாட்டின் பொருளாதாரத்தையும் காரணம் காட்டுகின்றனர், தாம் பெண்ணின் விடுதலையை முன்னிட்டே இதை வலியுறுத்துவதாக அவர் வேறுபடுத்திக் காட்டினார். அவருடைய முடிவுகளும் மதம் பற்றிய பார்வையும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் அன்றைய பேச்சை எண்ணிக்கையிலிருந்து பெண்ணின் பக்கம் திருப்பியவர் அவர் என்பதை வரலாறு மறுக்காது. 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்து விவாதித்தார். காந்தியடிகள் புலனடக்கமே வழி என்ற தம் நிலையிலிருந்து அசையவில்லை.

அதே பத்தாண்டில் முஸ்லிம் உலகில் இரு குரல்கள் எழுந்தன. மௌலானா மௌதூதி அவர்கள் அன்று ஹைதராபாத்திலிருந்து வெளிவந்த 'தர்ஜுமானுல் குர்ஆன்' இதழில் கருத்தடை இயக்கத்தை மேற்கத்திய நாகரிகத்தின் நோய் என்று கடுமையாக எதிர்த்து எழுதினார். மறுபுறம், 1937இல் எகிப்தின் முஃப்தி அப்துல் மஜீத் ஸலீம் அவர்கள், பிள்ளைப் பேற்றைத் தள்ளிவைக்கத் தம்பதியர் கருத்தடை முறைகளைப் பயன்படுத்தலாம் என்று ஃபத்வா வழங்கினார். முன்னவர் ஓர் இயக்கத்தின் விளைவுகளை நோக்கி எழுதினார். பின்னவர் ஒரு தம்பதியின் நிலையை நோக்கி விடையளித்தார். தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடம் முதற்குரல் நூல்களாகவும் மேடைப் பேச்சாகவும் பரவியது. இரண்டாவது குரல் பெரும்பாலும் வந்து சேரவில்லை.

சிவப்பு முக்கோணம்

1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்தது. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம், அறுவை செய்துகொள்வோருக்கு ஊக்கத்தொகை வழங்கும் முறையை முன்னோடியாக நடைமுறைப்படுத்தியது. என் இளமைக்காலத்தில், வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த எங்கள் பகுதியில், சுவர்தோறும் தலைகீழான சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகமும் காணப்பட்டன. தீபத்திற்கும் கிரிவலத்திற்கும் வரும் மக்கள் கூட்டம் அந்தச் சுவர்களைக் கடந்தே மலையைச் சுற்றியது. ஆனால் அந்தச் சுவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஓர் எண்ணை மட்டுமே சொன்னது.

நெருக்கடி நிலைக் காலத்தில் அந்த எண் கட்டாயமாயிற்று. 1975-76இல் 27 இலட்சம் அளவில் இருந்த கருத்தடை அறுவைகள் 1976-77இல் 82 இலட்சத்தைத் தாண்டின. பெரும்பாலும் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. 1976 ஏப்ரலில் டெல்லி துர்க்மான் கேட்டிலும், அக்டோபரில் முசஃபர்நகரிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் என்னும் முஸ்லிம் கிராமம் காவல் படையால் சூழப்பட்டு, ஆண்கள் அறுவைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். வட மாநிலங்களின் அளவுக்குத் தமிழகத்தில் கொடுமை நிகழவில்லை. எனினும் அச்சம் இங்கும் வந்து தங்கியது. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற சொல்லைக் கேட்டாலே சமுதாயத்தைக் குறைக்கும் சதி என்ற எண்ணம் எங்கள் தலைமுறையின் மனத்தில் ஊன்றியது அப்போதுதான். 1977க்குப் பின் திட்டத்தின் பெயர் 'குடும்ப நலம்' என்று மாறியது. ஆண்களைத் தொடுவதற்கு அரசு அஞ்சியது. சுமை முழுவதும் பெண்கள் மீது இறங்கியது.

இதன் விளைவை இன்றைய புள்ளிவிவரங்களில் காணலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காட்டினரே. தமிழ்நாட்டில் பெண்கள் அறுவை ஏறத்தாழ 58 விழுக்காடு. ஆண்களுக்கான அறுவை மருத்துவ வகையில் எளியது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வின் கனம் புரியும்.

இங்கேதான் நம் பெண்களின் இக்கட்டு இருக்கிறது. ஷரீஅத் எளிதாக அனுமதிப்பது தற்காலிக முறைகளை. அரசுத் திட்டம் பல பத்தாண்டுகளாக முன்னிறுத்தியது நிரந்தர அறுவையை. அரசு ஊழியர் 'செய்துகொள்' என்றார். ஆலிம்களாகிய நாங்கள் 'கூடாது' என்றோம். எந்த முறை, எவ்வளவு காலம், உடலுக்கு என்ன விளையும், கணவரும் மனைவியும் எப்படிக் கலந்து முடிவெடுப்பது என்பதை இரு தரப்பிலும் எவரும் உட்கார்ந்து பேசவில்லை. இரண்டு ஒற்றைச் சொற்களுக்கிடையே பெண்கள் வாய் மூடி முடிவெடுத்தார்கள். பலர் அறுவை செய்துகொண்டு, மார்க்கத்தில் குற்றம் செய்துவிட்டோமோ என்ற உறுத்தலை ஆயுள் முழுவதும் சுமந்தார்கள். வேறு பலர், 'கூடாது' என்பதை நம்பி, உடல் தாங்காத பேறுகளைச் சுமந்தார்கள்.

இதற்கிடையில், முஸ்லிம்கள் திட்டமிட்டு மக்கள்தொகையைப் பெருக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அரசியல் மேடைகளில் ஒலித்துவருகிறது. உண்மை வேறு. 1992-93இல் இந்திய முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.41 என்றிருந்த பிள்ளைப் பேற்று விகிதம் 2019-21இல் 2.36 ஆகிவிட்டது. சமுதாயத்தின் பத்தாண்டு வளர்ச்சி விகிதமும் 1991-2001இல் இருந்த 29.5 விழுக்காட்டிலிருந்து 2001-2011இல் 24.6 விழுக்காடாகக் குறைந்தது. மேடைகளில் நாம் என்ன சொன்னாலும், நம் பெண்கள் தங்கள் முடிவுகளைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன. நாம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை.

எண்ணின் அரசியல்

எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஆட்சி எந்தத் திசையிலும் திரும்பக்கூடும் என்பதற்கு ஈரான் நல்ல பாடம். 1979 புரட்சிக்குப் பின் அங்கே மக்கள் பெருக்கம் ஊக்குவிக்கப்பட்டது. 1989இல் உலமாக்களின் ஒப்புதலோடு குடும்ப நலத் திட்டம் தொடங்கியது. திருமணத்திற்கு முன் மணமக்கள் வகுப்பில் அமர்ந்து கருத்தடை பற்றிக் கற்றனர். ஆறுக்கும் மேலிருந்த பிள்ளைப் பேற்று விகிதம் 2000ஆம் ஆண்டளவில் இரண்டை ஒட்டி வந்தது. 2021இல் அதே அரசு, மக்கள்தொகை குறைகிறது என்று கூறி, இலவசக் கருத்தடைச் சேவைகளைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்றியது.

நம் மாநிலத்திலும் காற்று திசை மாறுகிறது. தமிழ்நாட்டின் பிள்ளைப் பேற்று விகிதம் 2019-21 ஆய்வில் 1.8. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்யத் தேவையான 2.1ஐவிட இது குறைவு. நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை பற்றிய கவலையின் பின்னணியில், 2025 மார்ச்சில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் புதுமணத் தம்பதியரை விரைவில் பிள்ளை பெறுமாறு கேட்டுக்கொண்டார். கூட்டாட்சி உரிமை பற்றிய அக்கவலை நியாயமானதாகவே இருக்கட்டும். இரண்டு போதும் என்று சுவர் சொன்ன மண்ணில், அதிகம் வேண்டும் என்று மேடை சொல்கிறது. எண் மாறியிருக்கிறது. பெண்ணிடம் கேட்காமல் அவள் உடலைக் கணக்கிடும் பழக்கம் மாறவில்லை.

இந்நிலையில் இரு ஆவணங்கள் நம் கவனத்திற்குரியவை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி மூன்று முடிவுகளை எடுத்தது. பிள்ளை பெறும் விஷயத்தில் தம்பதியரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் கூடாது. ஷரீஅத் அளவுகோலின்படி நிர்ப்பந்தமான தேவை இருந்தாலன்றி, ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தரிக்கும் ஆற்றலை நிரந்தரமாக அகற்றக் கூடாது. ஏற்கத்தக்க தேவை இருப்பின், தம்பதியர் தம்முள் கலந்து, பரஸ்பர இணக்கத்தோடு, தீங்கற்ற முறையில் பேறுகளுக்கிடையே இடைவெளி விடலாம். மற்றொன்று, தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் அறுவை முகாமில் ஏழைப் பெண்கள் பலர் உயிரிழந்த துயரத்தையும் கருத்தில் கொண்ட நீதிமன்றம், மூன்றாண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்த வேண்டும் என்றும், அறுவையின் விளைவுகளைப் பெண்ணுக்கு அவள் மொழியிலேயே விளக்கிய பின்னரே சம்மதம் பெற வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஒன்று ஃபிக்ஹின் மொழி, மற்றொன்று அரசியலமைப்பின் மொழி. இரண்டும் அறிந்து தரும் சம்மதம் என்ற ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன.

குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் குழந்தைக்குப் பால் மறக்கச் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. பெற்றோர் இருவரின் இணக்கத்தையும் கலந்தாலோசனையையும் அங்கே நிபந்தனையாக்குகிறது. பால் மறக்கச் செய்வதற்கே கலந்து பேச வேண்டுமென்றால், ஒரு பெண்ணின் உயிரோடு தொடர்புடைய முடிவுக்கு அது எவ்வளவு அவசியம்!

மடித்த தாள்

இன்று அந்தத் தாள் என்னிடம் மீண்டும் வந்தால் ஒரு வரியில் விடை சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்று நம்பகமான மருத்துவர் சொல்லியிருந்தால் கருத்தரிப்பைத் தவிர்ப்பது பாவமன்று, தம்மைத் தாமே அழிவில் ஆழ்த்திக்கொள்ளாமல் காப்பது கடமை என்று முதலில் சொல்வேன். காப்பர்-டி, மாத்திரை, 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் அறிமுகமான 'அந்தரா' ஊசி, ஆணுறை எனத் தற்காலிக வழிகள் பல உள்ளன. ஒவ்வொன்றின் தன்மையையும் தமக்குப் பொருந்துவது எது என்பதையும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கச் சொல்வேன். அவையெல்லாம் பொருந்தாமல் நிரந்தர வழியே உயிர்காக்கும் என்றால், நிர்ப்பந்தத்திற்குரிய சட்டம் அங்கே உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். கணவரையும் உடன் அழைத்து வரச் சொல்வேன். ஏனெனில் இதில் அவருக்கும் பொறுப்பு உண்டு, அவர் ஏற்கக்கூடிய சுமையும் உண்டு.

இவற்றில் எதுவும் நான் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. எல்லாம் நான் அந்த வாரம் மாணவர்களுக்கு நடத்திய பாடத்திலும் அதன் விரிவுரைகளிலும் இருந்தவை. கிதாபு என் கையில் இருந்தது. கேள்வியும் என் கையில் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

நம் அரபிக் கல்லூரிகள் மகளிர் மருத்துவர்களை அழைத்து, நிகாஹ் பாடத்தின் இப்பகுதியை அவர்களோடு சேர்ந்து நடத்தலாம். ஜமாஅத்துகள் திருமணப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்கு முன் மணமக்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைக்கலாம். பெண் ஆலிமாக்களை உருவாக்கும் நிலையங்கள் பெருகிவரும் இக்காலத்தில், திரைக்கு அப்பாலுள்ள கேள்வி திரைக்கு அப்பாலேயே தகுந்த விடை பெறவும் வழி இருக்கிறது. மதீனாவில் வெளிப்படையாகக் கேட்கப்பட்ட ஒன்றை மடித்த தாளில் பெயரின்றி எழுத வேண்டிய நிலைக்கு நாம் கொண்டுவந்திருக்கிறோம். தாளைப் பிரித்து முழுவதும் படித்து, முழு விடை சொல்வது உலமாக்களின் கடமை. அதில் தவறியவர்களில் இக்கட்டுரையாளனும் ஒருவன். அல்லாஹ் மன்னிப்பானாக. வல்லாஹு அஃலம்.